கல்லில் பெயர், கோப்பில் பெயர்

1932 ஜூலை 28 அன்று வாஷிங்டன் தெருக்களில் அமெரிக்க ராணுவம் இறங்கியது. குதிரைப்படை, துப்பாக்கி முனையில் கத்தி செருகிய காலாட்படை, பின்னால் டாங்கிகள். தலைமை தாங்கி வந்தவர் ராணுவத் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர். விரட்டப்பட்டவர்கள் முதல் உலகப் போரில் இதே ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர்கள்.

அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் உள்நாட்டில் பணியாற்றிய ஒவ்வொரு நாளுக்கும் 1 டாலர், கடல் கடந்து பணியாற்றிய நாளுக்கு 1.25 டாலர் என்று 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டது. ஆனால் கையில் கொடுத்தது பணத்தை அல்ல, 1945இல் மாற்றிக்கொள்ளும்படி ஒரு பத்திரத்தை. நடுவில் பொருளாதாரப் பெருமந்தம் வந்து வேலையும் வீடும் போயின. செத்த பிறகுதான் கைக்கு வரும் என்பதால் ‘கல்லறை போனஸ்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. இப்போதே கொடுங்கள் என்று கேட்டுச் சுமார் 17,000 முன்னாள் வீரர்கள் தலைநகருக்கு வந்தார்கள். பலர் மனைவி மக்களோடு வந்து, அனகோஸ்டியா ஆற்றோரச் சேற்று நிலத்தில் தகரத்தையும் அட்டையையும் வைத்துக் குடிசை போட்டார்கள். அந்த ஜூலை நாளில் போலீஸ் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். கண்ணீர்ப்புகையோடு வந்த ராணுவம் மற்றவர்களைத் துரத்தியது, குடிசைகள் எரிந்தன.

துரத்திய அதிகாரிகளில் ஜார்ஜ் பேட்டன் ஒருவர். 1918இல் பிரான்ஸில் குண்டடிபட்டுக் கிடந்த அவரைக் காப்பாற்றியவர் ஜோ ஆஞ்சலோ என்ற சிப்பாய். அதற்காக உயர்ந்த வீரப்பதக்கமும் பெற்றவர். அந்த ஆஞ்சலோ 1932இல் போனஸ் கேட்டு வந்த கூட்டத்தில் இருந்தார். போடோமக் ஆற்றின் அக்கரையில், ஆர்லிங்டனில் உள்ள பெயர் தெரியாத வீரரின் கல்லறைக்குப் பளிங்கு மேற்கட்டு எழுப்பி மக்கள் பார்வைக்குத் திறந்ததும் அதே 1932இல்தான்.

போர்வீரர்களை எந்த நாடு எப்படி மதிக்கிறது என்று எழுத உட்கார்ந்தால் தூண், தீபம், அணிவகுப்பு, மலர்வளையம் என்று பட்டியல் நீளும். பட்டியல் தப்பில்லை. ஆனால் எல்லா நாடுகளும் ஏறக்குறைய ஒரேமாதிரித் தூண்களைத்தான் கட்டியிருக்கின்றன, வேறுபாடு அங்கே தெரியாது. கல்லில் யார் பெயரைச் சேர்த்தார்கள், உயிரோடு திரும்பியவன் மனுவோடு வந்தபோது என்ன செய்தார்கள் என்ற இரண்டு இடங்களில்தான் நாடுகளின் முகம் தெரிகிறது.

அமெரிக்கா ஒரு பாடம் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம். 1936இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் வீட்டோவையும் மீறி நாடாளுமன்றம் அந்த போனஸை வழங்கியது. அடுத்த போர் முடிந்து ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானவர்கள் வேலையில்லாமல் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்ற அச்சம், 1944 ஜூன் மாதத்திலேயே ஒரு பெரிய சட்டத்துக்கு வழி செய்தது. ‘ஜிஐ பில்’ என்று உலகம் அறிந்த சட்டம் அது. கல்லூரிக் கட்டணம், தொழிற்பயிற்சி, வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் எல்லாம் அதில் உண்டு. 1956க்குள் 78 லட்சம் பேர் அதன் மூலம் படிப்போ பயிற்சியோ பெற்றார்கள். முன்னாள் வீரர்களுக்காக ஒரு நாடு செய்த மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சிலை வைத்த கணக்கில் இது சேராது.

ஆனால் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உள்ளூர் வங்கிகளிடமும் மாநில அலுவலகங்களிடமும் போயிற்று. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 ஊர்களில் முன்னாள் வீரர்களுக்கு உத்தரவாதம் அளிக்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டு. பிலிப்பைன்ஸ்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்கக் கொடியின் கீழ் ஜப்பானியரோடு போரிட்ட அவர்களில் பெரும்பாலோரின் பணி, முன்னாள் வீரர் சலுகைகளுக்குக் கணக்கில் வராது என்று 1946இல் சட்டம் போட்டார்கள். 2009இல் ஒருமுறைத் தொகை அறிவித்தார்கள்: அமெரிக்கக் குடியுரிமை உள்ளவருக்கு 15,000 டாலர், இல்லாதவருக்கு 9,000. அதை வாங்க உயிரோடு இருந்தவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள்.

கல்லுக்கு வருவோம். போரில் இறந்த சாதாரண சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் தனிக் கல், அதில் அவன் பெயர் என்பது ஐரோப்பாவில் முதல் உலகப் போரோடுதான் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. 1917இல் பிரிட்டன் அமைத்த பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம் அதற்குக் கறாரான விதிகள் வகுத்தது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பணமுள்ளவர் வீட்டுப் பிள்ளை என்று உடலை ஊருக்கு எடுத்துப்போக முடியாது. குடும்பத்தார் விரும்பினால் கல்லின் அடியில் 66 எழுத்துக்குள் ஒரு வாசகம் சேர்க்கலாம், எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டுச் சிலுவை கேட்டு மனுக் கொடுத்தும் ஆணையம் இணங்கவில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க்கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் இந்த விதிகளை இன்றும் கண்ணால் பார்க்கலாம். வெட்டிச் சீராக்கிய புல், ஒரே உயரக் கற்கள், பதவி பார்க்காத வரிசை.

இந்தச் சமத்துவம் எங்கே நின்றது என்று அறிய ஈராக்குக்குப் போகவேண்டும். முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காகப் பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஆளுக்கொரு பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் உள்ளன. மற்ற சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயரும் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும். அந்த எண்ணிக்கைக்குள் போன ஒருவனின் பேரன் இன்று பாஸ்ரா போனாலும் விரல் வைத்துக் காட்ட ஓர் எழுத்து இருக்காது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய நடுகல்லில் ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயரும் ஊரும் இருக்கின்றன. ஆடுமாடு மேய்த்த ஊர் ஒன்று தமிழி எழுத்தில் செய்ததை, உலகத்தின் கால்பங்கை ஆண்ட பேரரசு செய்யவில்லை.

மறதியால் நேர்ந்தது என்று இதை ஒதுக்க முடியாது. இன்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் என்று வழங்கும் அதே அமைப்பு நியமித்த குழு 2021இல் அறிக்கை தந்தது. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், அதிகபட்சம் மூன்றரை லட்சம் பேர், பெயரால் நினைவுகூரப்படவே இல்லை, அல்லது எந்த வகையிலும் நினைவுகூரப்படவில்லை. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் எகிப்திலும் சுமை தூக்கப் போனவர்கள். அவர்களுக்குப் பெயர் எதற்கு, கல்லறை எதற்கு என்று காலனி அதிகாரிகள் எழுதிவைத்த கடிதங்கள் ஆவணக்காப்பகத்தில் கிடைத்தன. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் கேப் டவுன் நகரப் பூங்காவில் 1,772 கறுப்பினத் தொழிற்படையினருக்கு, ஆளுக்கொரு மரத்தூணில் பெயர் பொறித்து நினைவிடம் திறந்தார்கள். நூறாண்டு தாமதம்தான். என்றாலும் தேடிப் பெயர் கண்டுபிடித்து வைத்தார்கள் என்பதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பிரான்ஸின் கதையில் பணக் கணக்கு தூக்கலாகத் தெரியும். பாரிஸின் வெற்றி வளைவுக்கு அடியில் பெயர் தெரியாத வீரரின் கல்லறைமேல் 1923 முதல் தீபம் எரிகிறது. தினமும் மாலை ஆறரைக்கு அதைத் தூண்டிவிடும் சடங்கு இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலும் நிற்கவில்லை. அதே பிரான்ஸுக்காகப் போரிட்டு ஜெர்மன் சிறைமுகாம்களில் கிடந்து மீண்ட மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள், 1944 டிசம்பர் 1 அன்று செனகலின் தியாரோய் முகாமில் சம்பள பாக்கியைக் கேட்டபோது பிரெஞ்சு அதிகாரிகளின் கட்டளைப்படி சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசு ஒப்புக்கொண்ட கணக்கு 35 பேர். பன்மடங்கு அதிகம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள் பலர். அது படுகொலைதான் என்று பிரெஞ்சு ஜனாதிபதி எழுத்தில் ஒப்புக்கொள்ள 2024 ஆயிற்று.

அதோடு போகவில்லை. 1959இல் இயற்றிய சட்டம் காலனி நாட்டு வீரர்களின் ஓய்வூதியத்தை அப்படியே உறையவைத்தது. பிரெஞ்சுக்காரரின் பென்ஷன் விலைவாசியோடு ஏறியது, ஆப்பிரிக்கருடையது நின்ற இடத்தில் நின்றது. 2006இல் வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றிய ‘ஆந்தீஜேன்’ திரைப்படம் வந்து, ஜனாதிபதி ஷிராக் அதைப் பார்த்த பிறகுதான் சமப்படுத்தும் வேலை தொடங்கியது. ஐம்பது வருட மனுக்களால் ஆகாதது இரண்டு மணிநேரப் படத்தால் ஆயிற்று. பின்னும் ஒரு முள் மிச்சமிருந்தது. முதியோருக்கான குறைந்தபட்ச உதவித்தொகை வேண்டுமானால் வருடத்தில் பாதியைப் பிரான்ஸில் கழிக்கவேண்டும் என்பது விதி. தொண்ணூறு வயது செனகல்காரர்கள் பாரிஸின் புறநகரில் ஒற்றை அறைகளில் இந்த விதிக்காகக் குளிரில் காலம் தள்ளினார்கள். 2023இல்தான் விதி தளர்ந்து, ஊருக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளோடு இருந்துகொண்டே உதவித்தொகை வாங்கலாம் என்று ஆயிற்று.

சடங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 11 காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம், சட்டையில் குத்தும் சிவப்புப் பாப்பிப் பூ, ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 25 விடியற்கால வழிபாடு எல்லாம் படங்களில் பார்த்தவைதான். சடங்கை அரசு எப்போது விரும்புகிறது, எப்போது விரும்புவதில்லை என்பது அதைவிடச் சுவையானது. ரஷ்யாவின் மே 9 வெற்றி நாளை ஆதியிலிருந்தே கோலாகலமாகக் கொண்டாடினார்கள் என்று நினைப்போம். ஸ்டாலின் அந்த விடுமுறையை 1948 முதலே ரத்து செய்தார். பதக்கம் வாங்கியவர்களுக்குக் கொடுத்துவந்த மாதத் தொகையும் அதே ஆண்டு நின்றது. பெர்லின்வரை போய்த் திரும்பிய லட்சக்கணக்கானவர்கள் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதை அவர் விரும்பவில்லை போலும். 1965இல், போர் வீரர்கள் நடுவயதை எட்டி யாருக்கும் அச்சமூட்டாதவர்களாக ஆன பிறகு, பிரெஷ்னெவ் ஆட்சி விடுமுறையை மீட்டது.

தோற்ற நாடுகளுக்கு வேறு தொல்லை. ஜப்பானின் யாசுகுனி ஆலயத்தில் போரில் இறந்த 24.6 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தெய்வமாக வணங்குகிறார்கள். 1978இல் முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரையும் அந்த ஏட்டில் சேர்த்தார்கள். 1975க்குப் பிறகு எந்தப் பேரரசரும் அங்கே போகவில்லை. கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு இறந்த கொரியர்களின் பெயர்களும் அந்த ஏட்டில் உண்டு, குடும்பத்தார் எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டும் எடுக்கவில்லை. உயிரோடு திரும்பிய கொரியர்களுக்கோ 1952இல் ஜப்பானியக் குடியுரிமை பறிபோய், அதோடு பென்ஷனும் போயிற்று. இறந்த கொரியன் ஜப்பானின் தெய்வம், இருந்த கொரியன் அந்நியன். ஜெர்மனி இதற்கு நேர் எதிர்த்திசையில் போய், நீண்டகாலம் முன்னாள் வீரர் என்ற சொல்லைக் கேட்டாலே நெளிந்தது. அங்கே தேசிய அளவில் முன்னாள் வீரர் தினம் முதன்முறையாக நடந்தது 2025 ஜூன் 15 அன்றுதான்.

அமெரிக்காவுக்கும் ஒரு தோல்வி உண்டு. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்கு ஊர்வலமும் இல்லை, சின்னமும் இல்லை. அங்கே போரிட்ட ஒருவர் முன்னின்று பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1982இல் எழுப்பியதுதான் வாஷிங்டனின் கறுப்புச் சுவர். வடிவமைத்த மாயா லின் அப்போது 21 வயது மாணவி. சிலையில்லை, கொடியில்லை, இது அவமானக் குழி என்று திட்டினார்கள். சமாதானம் செய்யப் பக்கத்தில் மூன்று வீரர் சிலையும் வைக்க வேண்டியதாயிற்று. பெயர்கள் அகரவரிசையில் இல்லை, இறந்த நாள் வரிசையில் உள்ளன. அதனால் ஒரே சண்டையில் மாண்டவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். வருகிறவர்கள் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரை எடுத்துப்போகிறார்கள். நான் அறிந்த போர்ச் சின்னங்களில், வெற்றியைப் பற்றி வாயே திறக்காமல் வேலையைச் சரியாகச் செய்வது இதுதான்.

வேற்று நாட்டவரை நினைவில் வைப்பதில் தென்கொரியாவை மிஞ்ச ஆளில்லை. 1975 முதல் கொரியப் போரில் உதவிய நாடுகளின் முன்னாள் வீரர்களை அழைத்து விருந்தோம்பி அனுப்புகிறார்கள். 2020இல் கொரோனா பரவியபோது உலகெங்கும் இருந்த அந்த முதியவர்களுக்குப் பத்து லட்சம் முகக்கவசம் அனுப்பினார்கள். இந்தியா அந்தப் போருக்குத் துருப்புகளை அனுப்பவில்லை, 60ஆம் பாராசூட் கள மருத்துவமனைப் பிரிவை அனுப்பியது. அதை நடத்தியவர் தமிழரான லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சில் முன்சான்-னியில் அமெரிக்கப் படையோடு விமானத்திலிருந்து குதித்துக் காயம்பட்டவர்களைக் காப்பாற்றினார். மகாவீர் சக்ரா பெற்றவர். கொரியாவில் நன்றியோடு சொல்லும் இந்தப் பெயர் நம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் கிடைப்பது அரிது.

நம் பக்கத்துக் கணக்குகள் சிக்கலானவை. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் போய்ச் சேர்ந்த நேதாஜியின் படைக்குச் சிங்கப்பூர் கடற்கரையில் எழுப்பிய சின்னத்தை, 1945இல் நகரைத் திரும்பப் பிடித்த பிரிட்டிஷ்காரர்கள் உடனே தகர்த்தார்கள். விடுதலை பெற்ற இந்தியாவும் அந்தப் படையினரை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. தியாகி பென்ஷன் என்ற பெயரில் 1972இல்தான் பலருக்கு ஏதோ கிடைத்தது. 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தில் அந்தப் படை செய்தவை தமிழர் மனத்தில் ஆறாமல் இருந்தன, போகாததற்குக் காரணம் உண்டு. சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்துத் திரும்பிய சிப்பாய் அந்த அரசியலைத் தீர்மானித்தவன் அல்ல என்பதும் உண்மை. அவர்களுக்கு முதலில் பெரிய சின்னம் எழுப்பியது, போகச் சொல்லி வற்புறுத்திய இலங்கை அரசு, கொழும்பு அருகே.

அதே இலங்கையில் கோப்பாயில் இருந்த விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லத்தின் கல்லறைகளை உடைத்து, போர் முடிந்த பிறகு அந்த இடத்திலேயே ராணுவ முகாம் கட்டினார்கள். அரசுப் படையினருக்கு மே 19 தேசிய நாள். மறுபக்கத்தில் பிள்ளையை இழந்த தாய்க்கு விளக்கேற்ற ஒரு கல்கூட மிஞ்சவில்லை. புலிகளைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், கல்லறையை இடிப்பது போர்த்தொழிலில் சேராது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்றவர்களுக்கும் ஆர்லிங்டனில் 1900 வாக்கில் இடம் ஒதுக்கினார்கள்.

இந்தியாவுக்குத் தனக்கென்று தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25 அன்றுதான் வந்தது. அதுவரை பிரிட்டிஷார் கட்டிய இந்தியா கேட்டின் அடியில் 1972இல் ஏற்றிய ஜோதிதான். புதிய நினைவகத்தின் வட்டச் சுவர்களில் திறந்தபோது 25,942 பெயர்கள், பதவி வேறுபாடின்றி. நன்றாகவே செய்திருக்கிறார்கள். டிசம்பர் 7 கொடிநாளும் 1949 முதல் உண்டு. அரசு அலுவலகத்தில் உண்டியல் வந்தால் பத்தோ இருபதோ போட்டுவிட்டுச் சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வோம்.

கோப்புப் பக்கம் வேறு. 1973இல் மூன்றாம் ஊதியக்குழுவுக்குப் பின் சிப்பாய்களின் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தின் 70 சதவீதத்திலிருந்து 50க்கு இறங்கியது. ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை அங்கே முளைத்தது. சிப்பாய் முப்பத்தைந்து, நாற்பது வயதில் வீட்டுக்கு வந்துவிடுகிறான், பென்ஷன் உறைந்தால் அடி அவனுக்குத்தான் அதிகம். முன்னாள் வீரர்கள் ஜனாதிபதியிடம் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2015 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த முதியவர்களை டெல்லி போலீஸ் பிடித்துத் தள்ளியது. நெஞ்சில் பதக்கங்களோடு சட்டை கிழிந்து நின்றவர்களின் படம் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த மாதம் அரசு கோரிக்கையை ஏற்றது, கேட்டபடி முழுதாக அல்ல. வாஷிங்டனுக்கும் டெல்லிக்கும் இடையில் 83 ஆண்டுகள்.

உடல் ஊனத்துக்கான ஓய்வூதியம் இன்னும் இழுபறியில் இருக்கிறது. படையில் சேரும்போது இல்லாத நோய் பிறகு வந்தால் அது பணியால் வந்தது என்றே கொள்ளவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013இல் தெளிவாகச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட மனுக்கள் 40,000க்கும் மேல் தேங்கிக் கிடந்ததும், 1997க்கும் 2021க்கும் இடையில் படையில் இருந்தவர்களும் இருந்து விலகியவர்களுமாகக் குறைந்தது 1,677 பேர் தற்கொலை செய்துகொண்டதும் அங்கே ஒரு ராயல் கமிஷன் விசாரணைக்குள்ளாயின. மனு தேங்குவதும் மனிதன் உடைவதும் தொடர்புள்ளவை என்று அந்த ஆணையம் எழுதிவைத்தது. நம் நாட்டில் அப்படிப்பட்ட கணக்கெடுப்புக்கு யாரும் அவசரப்படவில்லை.

பதிலாக மேல்முறையீடு நடக்கிறது. ராணுவத் தீர்ப்பாயத்தில் சிப்பாய் ஜெயித்தால் அரசு உச்சநீதிமன்றம்வரை போகிறது. 2013 ஜனவரியில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடருகே கடுங்குளிரில் ரோந்து போன சிப்பாய் ஒருவர் மாரடைப்பில் இறந்தார். போர்ச்சூழலில் இறந்தவர்களுக்கான குடும்ப ஓய்வூதியத்தை அவர் மனைவிக்குத் தரும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டும், அரசு அந்தப் பெண்ணை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அரசின் மனுவைத் தள்ளி, அவரை இழுத்தடித்ததற்காக அவருக்கு 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இத்தகைய மேல்முறையீடுகளைக் கைவிடுங்கள் என்று பாதுகாப்பு அமைச்சகம் தானே நியமித்த நிபுணர் குழு 2015லேயே பரிந்துரைத்திருந்தது. அந்த அறிக்கை கையில் இருக்கும்போதுதான் இந்த மேல்முறையீடும் போடப்பட்டது.